1872 வட அமெரிக்கக் குதிரைக் காய்ச்சல்: ஒரு கண்டத்தின் வண்டிகள் நின்றுபோன நிகழ்வு குறித்த ஆய்வு

19ஆம் நூற்றாண்டைப் பற்றிய நம் பாடநூல்கள் நீராவி இயந்திரத்தையும் ரயிலையும் தந்தியையும் விரிவாகப் பேசுகின்றன. ரயில் வந்த பிறகு குதிரை மெல்ல ஒதுங்கிக்கொண்டது என்ற எண்ணம் அதனால் நம்மில் பலருக்கும் படிந்திருக்கிறது. நடந்தது அதற்கு நேர்மாறானது. ரயில் பரவப் பரவக் குதிரையின் தேவை கூடிக்கொண்டே போனது. இதை நிறுவுவதற்கு எத்தனையோ புள்ளிவிவரங்களை அடுக்கலாம் என்றாலும், 1872ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் வட அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு நோய்ப்பரவலைப் போல அதைத் தெளிவாகக் காட்டும் சான்று வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ரயில்களும் நீராவிக் கப்பல்களும் பழுதின்றி ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே, குதிரைகள் இருமத் தொடங்கிய சில நாட்களுக்குள் பெருநகரங்களின் அன்றாட வாழ்க்கை முடங்கியது. அது ஏன் முடங்கியது, எவ்வாறு பரவியது, அந்தச் சுமை இறுதியில் யார் மீது விழுந்தது என்பவற்றை இங்கே ஆராயலாம்.

நகரம் குதிரையைச் சார்ந்திருந்த விதம்

1870ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்போது அமெரிக்கப் பண்ணைகளில் மட்டும் சுமார் 70 லட்சம் குதிரைகள் இருந்தன. நகரங்களின் லாயங்களில் இருந்தவை அதற்கு மேலானவை. ரயில் வண்டி ஒரு நிலையத்திலிருந்து மற்றொரு நிலையத்துக்குத்தான் சரக்கைக் கொண்டுபோக முடியும். சுரங்கத்திலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து கிடங்குக்கும், கிடங்கிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வீட்டுக்கும் அதே சரக்கு குதிரை வண்டியில்தான் போய்ச் சேர வேண்டும். ஆகவே ரயில் சுமந்த ஒவ்வொரு டன்னும் இரு முனைகளிலும் குதிரைகளுக்குப் புதிய வேலையை உண்டாக்கியது. ரயில் எஞ்சினுக்கான நிலக்கரியே பல இடங்களில் குதிரை இழுத்து வந்ததுதான். ஈரி கால்வாயில் சென்ற சரக்குப் படகுகளைக் கரையோரமாக நடந்து கயிற்றால் இழுத்தவையும் குதிரைகளும் கோவேறு கழுதைகளுமே.

மனிதர்களின் பயணமும் இதே நிலையில்தான் இருந்தது. நியூயார்க்கில் 1832ஆம் ஆண்டிலேயே தண்டவாளத்தின் மீது குதிரை இழுக்கும் டிராம் வண்டி ஓடத் தொடங்கியிருந்தது. கல் பாவிய தெருவில் குலுங்கிச் செல்லும் வண்டியைவிட, வழுவழுப்பான இரும்புத் தண்டவாளத்தில் அதே இரண்டு குதிரைகளால் அதிகம் பேரை இழுக்க முடிந்ததால், அடுத்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்காவின் பெருநகரங்கள் அனைத்திலும் இவ்வண்டிகள் பரவிவிட்டன. தொழிலாளி வேலையிடத்திலிருந்து சில மைல்கள் தள்ளிக் குடியிருக்கலாம் என்ற நிலை முதன்முதலில் இவற்றால்தான் உருவானது.

இந்த வண்டிகளின் உள்கணக்கைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும், ஏனெனில் நோய் வந்தபோது நடந்தவை அனைத்தும் அந்தக் கணக்கிலிருந்தே பிறந்தன. ஒரு ஜோடிக் குதிரைகளால் நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் டிராம் இழுக்க முடியாது. பயணிகள் ஏறி இறங்குவதற்காக ஒவ்வொரு முறையும் நின்று, நின்ற வண்டியை மறுபடி நகர்த்துவதே குதிரையின் கால்களையும் தோள்களையும் அதிகமாக வருத்தியது. எனவே காலை முதல் இரவு வரை ஒரே ஒரு வண்டியை ஓட்டுவதற்கு எட்டு முதல் பத்துக் குதிரைகள் வரை வேண்டியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் நாள்தோறும் பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட உலர்புல்லும் ஓட்ஸும் தீனியாக வேண்டும். லாடம் அடிக்கக் கொல்லர் வேண்டும். தேய்த்துக் கழுவிச் சேணம் பூட்டக் குதிரைக்காரர் வேண்டும். இவ்வளவு செய்தும் டிராம் வேலையில் ஒரு குதிரை நான்கைந்து ஆண்டுகளுக்கு மேல் தாங்கவில்லை. அதன் பிறகு அது இலகுவான வேலைக்கோ தோல் பதனிடுவோரிடமோ விற்கப்பட்டது.

நகரத்தில் நிலம் விலை மிகுந்ததால் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான குதிரைகளை ஒரே கட்டடத்தில் அடைத்தன. சரிவுப் பாதை வழியாகக் குதிரைகள் மேல்மாடிக்கு ஏற்றப்படும் அடுக்கு லாயங்களும் இருந்தன. ஒடுங்கிய கொட்டடிகளில் காற்றோட்டம் இல்லாமல், சிறுநீரின் அமோனியா நெடி கண்ணை எரிக்கும் சூழலில், தோளோடு தோள் உரசியபடி அவை நின்றன. மூச்சுக்காற்றின் வழியாகத் தொற்றும் நோய்க்கு இதைவிடத் தோதான இடத்தைத் திட்டமிட்டுக்கூடக் கட்டியிருக்க முடியாது.

நோய் தோன்றிப் பரவியது

1872 செப்டம்பர் மாதக் கடைசி நாட்களில், கனடாவின் டொராண்டோ நகருக்கு வடக்கே சில மைல்கள் தள்ளியிருந்த பண்ணைகளில் குதிரைகள் காய்ச்சல் காணத் தொடங்கின. அக்டோபர் தொடக்கத்தில் நோய் நகரத்துக்குள் வந்துவிட்டது. டொராண்டோவில் கால்நடை மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஆண்ட்ரூ ஸ்மித் தொடக்கநிலை நோயாளிக் குதிரைகளைப் பார்த்தவர்களுள் ஒருவர். ஒரே லாயத்தில் பல குதிரைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் படுத்ததைக் கண்டபோதே இது சாதாரணச் சளி அல்ல என்பது தெளிவாகியிருக்க வேண்டும்.

அறிகுறிகள் எங்கும் ஒரே மாதிரி இருந்தன. முதலில் வறட்டு இருமல், பிறகு உடல் கொதிக்கும் காய்ச்சல். கண்களில் நீர் வடியும். மூக்கிலிருந்து முதலில் தெளிந்த நீரும் பின்னர் மஞ்சள் நிறச் சளியும் ஒழுகும். குதிரை தீனியைத் தொடாது, தலையைத் தொங்கவிட்டு நிற்கும், நடக்க வைத்தால் கால்கள் தள்ளாடும். வயதோ இனமோ வளர்ப்பு முறையோ எந்தக் குதிரையையும் காப்பாற்றவில்லை. செல்வந்தரின் சாரட்டுக் குதிரையும் குப்பை வண்டிக் குதிரையும் ஒன்றுபோலவே படுத்தன. கோவேறு கழுதைகளும் கழுதைகளும்கூடச் சற்று இலேசாகவேனும் பாதிக்கப்பட்டன. நோய் புகுந்த நகரங்களில் பெரும்பாலானவற்றில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட குதிரைகள் சில நாட்களுக்குள் பயன்படாமல் போயின.

டொராண்டோவிலிருந்து மூன்றே வாரங்களில் நோய் பஃபலோ, டெட்ராய்ட், பாஸ்டன், நியூயார்க் ஆகிய நகரங்களை எட்டியது. ஆண்டு முடிவதற்குள் தெற்கே மெக்சிகோ வளைகுடாக் கரைக்கும், கடல் தாண்டிக் கியூபாவுக்கும் போய்விட்டது; 1873ஆம் ஆண்டின் வசந்தத்தில் பசிபிக் கரையைத் தொட்டது. எந்தக் குதிரையும் தன் கால்களால் நடந்து இவ்வளவு தொலைவை இவ்வளவு விரைவில் கடந்திருக்க முடியாது. கனடாவிலிருந்து அமெரிக்க நகரங்களுக்கு விற்பனைக் குதிரைகள் ரயில் பெட்டிகளில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. நயாகரா ஆற்றின் மீது 1855ஆம் ஆண்டு முதலே ரயில் பாலம் இருந்தது. தொற்றிய குதிரை நோய் வெளிப்படுவதற்கு முந்தைய ஓரிரு நாட்களில் பல நூறு மைல்கள் கொண்டுசெல்லப்பட்டு, புதிய லாயத்தில் இறக்கப்பட்டு, அங்கே இருமத் தொடங்கியது.

இதை அன்றே கண்டறிந்து எழுதியவர் நியூயார்க் மருத்துவர் அடோனிராம் ஜட்சன். எந்த ஊரில் எந்த நாளில் நோய் தோன்றியது என்ற தகவல்களைத் திரட்டி, அவற்றை வழித்தடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த அவர், போக்குவரத்து விரைவாக இருந்த திசைகளில் நோயும் விரைவாகச் சென்றது என்றும், ரயில் இணைப்பு இல்லாத ஊர்களுக்குத் தாமதமாகவே போனது என்றும் காட்டினார். ஊரைச் சூழ்ந்த கெட்ட காற்றாலோ வானிலை மாற்றத்தாலோ நோய் வருகிறது என்று கற்றவர்களே நம்பிய காலம் அது. கிருமிக் கொள்கை இன்னும் மருத்துவ உலகில் நிலைபெற்றிருக்கவில்லை. ஆந்த்ராக்ஸ் நோய்க்கான நுண்ணுயிரை ராபர்ட் கோக் நிறுவிக் காட்டியது 1876ஆம் ஆண்டில்தான். நுண்ணோக்கி எதையும் காட்டாத நிலையில், தேதிகளையும் ஊர்களையும் மட்டும் வைத்து ஜட்சன் அடைந்த முடிவு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. கொள்ளைநோய் ஆய்வின் வரலாற்றில் அவருடைய பெயர் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

முடங்கிய தெருக்கள்

நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் பிலடெல்பியாவிலும் டிராம் வண்டிகள் முதலில் குறைக்கப்பட்டன, பிறகு பல தடங்களில் அடியோடு நிறுத்தப்பட்டன. மக்கள் நடந்தே வேலைக்குப் போனார்கள். துறைமுகத்தில் கப்பல்கள் இறக்கிய சரக்கும், ரயில் நிலையங்களில் வந்து சேர்ந்த சரக்கும் எடுத்துச் செல்ல வண்டியின்றிக் குவிந்தன. எஞ்சினும் பெட்டியும் தண்டவாளமும் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தும், நிலையத்து முற்றத்தைக் காலி செய்யக் குதிரை இல்லாததால் ரயில் கொண்டுவந்த பண்டம் ஊருக்குள் போகவில்லை. பால், இறைச்சி, நிலக்கரி எதுவும் வழக்கம்போல் வீடு வந்து சேரவில்லை. குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் நிலக்கரி வராதது ஏழை வீடுகளையே முதலில் தாக்கியது. குப்பை அள்ளுவது தடைபட்டது. இறந்தவர்களைக் கல்லறைக்குக் கொண்டுசெல்லும் வண்டிகளுக்கும் இதே கதிதான்.

வேறு வழியின்றிச் சரக்கு வண்டிகளின் நுகத்தடியை மனிதர்களே பிடித்து இழுத்தார்கள். கிராமப்புறங்களிலிருந்து எருதுகளை ஓட்டிவந்து நகரத் தெருக்களில் பூட்டினார்கள். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் மாட்டு வண்டி ஒரு காட்சிப் பொருளாகிவிட்டிருந்த காலத்தில், அதைப் பார்க்கவே தெருவோரத்தில் கூட்டம் கூடியது. எருது இந்தக் காய்ச்சலுக்கு ஆட்படாதது பெரிய உதவியாக இருந்தது என்றாலும், மணிக்கு இரண்டு மைல் வேகத்தில் அசைந்து நடக்கும் எருதும், கல் பாவிய தெருவுக்கேற்ற லாடம் கட்டப்படாத அதன் குளம்பும் குதிரையின் இடத்தை நிரப்பவில்லை என்பது, மாட்டு வண்டியை அறிந்த நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பாஸ்டன் தீ: எந்த அளவு குதிரைக் காய்ச்சலால்?

இந்நிகழ்வைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தவறாமல் குறிப்பிடுவது பாஸ்டன் பெருந்தீ. 1872 நவம்பர் 9ஆம் தேதி சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பிறகு, சம்மர் தெருவும் கிங்ஸ்டன் தெருவும் சந்திக்கும் இடத்தில் இருந்த ஒரு வணிகக் கட்டடத்தின் அடித்தளத்தில் பிடித்த தீ, மறுநாள் கட்டுப்படுத்தப்படுவதற்குள் சுமார் 65 ஏக்கர் பரப்பில் 776 கட்டடங்களை அழித்தது. தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். சொத்து இழப்பு ஏழு கோடி டாலருக்கும் மேல் என்று மதிப்பிடப்பட்டது.

அன்றைய தீயணைப்பு எஞ்சினில் நீராவி தண்ணீரை இறைக்கத்தான் பயன்பட்டது. கொதிகலனும் பம்பும் சேர்ந்து இரண்டு டன்னுக்கும் அதிக எடை கொண்ட அந்த வண்டியைத் தீப்பிடித்த இடத்துக்கு இழுத்துச் செல்வது குதிரையின் வேலை. நீராவி யுகத்தின் உண்மையான அமைப்பை இந்த ஒரு வண்டியைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம். குதிரைகள் படுத்துவிட்டதால், தீயணைப்புத் துறைத் தலைவர் ஜான் டாம்ரெல் கூடுதல் ஆட்களை அமர்த்தி, கயிறு கட்டி எஞ்சின்களைக் கையால் இழுத்துச் செல்ல முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தார். அன்றிரவு அந்த ஏற்பாட்டின்படியே எஞ்சின்கள் இழுத்துவரப்பட்டன.

குதிரைக் காய்ச்சலால்தான் பாஸ்டன் எரிந்தது என்று இன்றும் எழுதப்படுகிறது. சான்றுகள் அதை ஆதரிக்கவில்லை. பின்னர் நடந்த விசாரணையில், குதிரைகள் இல்லாததால் ஏற்பட்ட தாமதம் சில நிமிடங்களே என்று கண்டறியப்பட்டது. பழைய, குறுகிய தண்ணீர்க் குழாய்களில் போதிய அழுத்தம் இல்லாததும், ஒன்றோடொன்று பொருந்தாத குழாய் இணைப்புகளும், எட்டாத உயரத்தில் மரத்தால் அமைக்கப்பட்டிருந்த கூரைகளும், பொய் அழைப்புகளைத் தடுப்பதற்காகப் பூட்டி வைக்கப்பட்டிருந்த அபாய அறிவிப்புப் பெட்டிகளுமே அழிவைப் பெருக்கின. முந்தைய ஆண்டு சிகாகோ எரிந்ததைப் பார்த்துவிட்டு வந்து, குழாய்களை மாற்றுமாறு டாம்ரெல் கேட்டிருந்தார், கேட்டது கிடைக்கவில்லை. நகர நிர்வாகம் பல ஆண்டுகளாகச் செய்யத் தவறியதை நோயுற்ற விலங்குகளின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது என்று நான் கருதுகிறேன்.

இதே எச்சரிக்கை பொருளாதாரத்துக்கும் பொருந்தும். 1873 செப்டம்பர் 18 அன்று ஜே குக் வங்கி நிறுவனம் வீழ்ந்ததோடு தொடங்கிய பெருமந்தத்துக்குக் குதிரைக் காய்ச்சலையும் ஒரு காரணமாகச் சிலர் சொல்வதுண்டு. சில வாரத் தேக்கம் வணிகர்களுக்கு இழப்பை உண்டாக்கியது உண்மை. ஆனால் அந்த மந்தத்தின் வேர், அளவுக்கு மீறி ரயில் பாதைகளில் முடக்கப்பட்ட கடன் பணத்தில் இருந்தது. ஓராண்டுக்கு முன் வந்துபோன காய்ச்சலுக்கு அதில் முதன்மையான பங்கு இருந்ததாகக் கொள்ள இடமில்லை.

சாவு எங்கே நேர்ந்தது

ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் இந்நோய் அதிகம் கொல்லவில்லை. பாதிக்கப்பட்ட குதிரைகளில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் இறந்தன. சில இடங்களில் அது பத்து சதவீதம் வரை உயர்ந்தது. இந்த வேறுபாட்டில்தான் இந்நிகழ்வின் வேதனை மிகுந்த பகுதி இருக்கிறது.

கார்னெல் பல்கலைக்கழகம் 1868இல் தொடங்கப்பட்டபோதே அங்கு கால்நடை மருத்துவப் பேராசிரியராகச் சேர்ந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் லா. அமெரிக்க வேளாண் துறைக்காக இந்நோயைப் பற்றி விரிவாக எழுதியவரும் அவரே. அறிந்தவர்கள் அன்று சொன்ன மருத்துவம் எளிமையானது: ஓய்வு, காற்றோட்டமான உலர்ந்த லாயம், மேலே ஒரு கம்பளி, இளஞ்சூடான தவிட்டுக் கஞ்சி. இரண்டு வாரங்கள் இவ்வாறு விடப்பட்ட குதிரை பெரும்பாலும் எழுந்து நின்றது. இருமல் அடங்குவதற்கு முன்பே வண்டியில் பூட்டப்பட்ட குதிரைக்கு நுரையீரல் அழற்சி கண்டது, கால்களும் வயிறும் நீர்கோத்து வீங்கின, பல அங்கேயே விழுந்தன.

நியூயார்க்கில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை 1866இல் நிறுவிய ஹென்றி பெர்க், தாமே தெருவில் இறங்கி, இருமிக்கொண்டே டிராம் இழுத்த குதிரைகளை நிறுத்தினார். வண்டியிலிருந்து அவற்றை அவிழ்க்கச் செய்தார். பயணிகள் சினந்தனர், நிறுவனங்கள் எதிர்த்தன, செய்தித்தாள்கள் சிலவும் அவரைத் தாக்கின. நகரம் உணவின்றிக் குளிரில் வாடும்போது விலங்கின் பக்கம் பேசுவதா என்ற கேள்வி அன்று எளிதில் தள்ளிவிடக் கூடியதாக இருக்கவில்லை என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே ஒரு வண்டியும் ஒரே ஒரு குதிரையும் மட்டுமே உடைமையாகக் கொண்ட வண்டிக்காரர் அந்தக் குதிரையைப் பதினைந்து நாட்கள் கட்டி வைத்தால் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வைத்திருந்த டிராம் நிறுவனங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. நான்கைந்து ஆண்டுகளில் தேய்ந்துபோகும் பொருளாகவே குதிரையைக் கணக்கெழுதிப் பழகிய அவற்றுக்கு, அந்தக் காலத்தை இன்னும் சற்றுக் குறைப்பது வரவு செலவுக் கேள்வியாக மட்டுமே தெரிந்தது. பெர்க்கின் மறியல் முதன்மையாக இந்த நிறுவனங்களை நோக்கியே இருந்தது. அதில் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அதன் பின்

இந்தக் காய்ச்சலோடு நகரங்கள் குதிரையைக் கைவிட்டுவிடவில்லை. ஆண்ட்ரூ ஹாலிடி சான்பிரான்சிஸ்கோவில் கம்பிவட டிராமை 1873 ஆகஸ்டில் ஓட்டிக் காட்டினார். மேட்டுத் தெருவில் வழுக்கி விழும் குதிரைகளின் துன்பத்தைப் பார்த்து அவர் அந்த முயற்சியில் முன்பே இறங்கியிருந்தார். குதிரை டிராமுக்கு உண்மையான மாற்று, ஃபிராங்க் ஸ்பிரேக் 1888இல் ரிச்மண்ட் நகரில் மின்சார டிராமை வெற்றிகரமாக இயக்கிய பிறகே வந்தது. அதற்குப் பின்னும் சரக்கு வண்டிகளில் குதிரை நீடித்தது. நியூயார்க் தீயணைப்புத் துறையின் குதிரைகள் கடைசியாக எஞ்சினை இழுத்தது 1922 டிசம்பரில், அதாவது காய்ச்சல் வந்து ஐம்பது ஆண்டுகள் கழித்து.

நேரடியாக மாறியது கால்நடை மருத்துவத்தின் மதிப்பு. கண்டம் முழுவதும் இலட்சக்கணக்கான குதிரைகள் படுத்திருந்தபோது அமெரிக்காவில் முறையாகப் பயின்ற கால்நடை மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்தார்கள். ஊர் ஊராகச் சுற்றிய நாட்டு வைத்தியர்களும் மருந்து விற்பனையாளர்களும் இரத்தம் வடித்தும் பேதி கொடுத்தும் நோயுற்றவற்றை மேலும் வலுவிழக்கச் செய்தனர். ஜேம்ஸ் லாவின் மாணவரான டேனியல் சால்மன் 1876இல் கால்நடை மருத்துவத்தில் பட்டம் பெற்றார். 1884இல் கூட்டாட்சி அரசு அமைத்த விலங்குத் தொழில் பணியகத்துக்கு (Bureau of Animal Industry) அவரே முதல் தலைவரானார். கால்நடைகளைத் தாக்கிய தொற்று நுரையீரல் நோயை 1892இல் அமெரிக்காவிலிருந்து ஒழித்தது அந்தப் பணியகம்.

குதிரைக் காய்ச்சலின் காரணி அதற்கும் வெகுகாலம் பின்பே அகப்பட்டது. குதிரைகளைத் தாக்கும் இன்ஃபுளுவென்சா வைரஸ் முதன்முதலாகப் பிராகா நகரில் 1956இல் பிரித்தெடுக்கப்பட்டது. தடுப்பூசி 1960களில் வந்தது. 1872இல் பரவிய வைரஸின் மாதிரி எதுவும் எஞ்சவில்லை. ஆயினும் பறவைகளையும் குதிரைகளையும் தாக்கும் இன்ஃபுளுவென்சா வகைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவற்றின் கிளைகள் பிரிந்த காலத்தை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வைத்து, இந்நிகழ்வோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று கருதுகிறது.

2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் இதே இனத்தைச் சேர்ந்த நோய் புகுந்தது. அதற்கு முன் அந்நாட்டுக் குதிரைகள் இந்நோயைக் கண்டதே இல்லை என்பதால், 1872இல் வட அமெரிக்கா இருந்த நிலையில்தான் அவையும் இருந்தன. நோய் உறுதியானவுடன் நாடு முழுவதும் குதிரைகளை இடம் மாற்றுவது தடை செய்யப்பட்டது; குதிரைப் பந்தயங்கள் நிறுத்தப்பட்டன; தடுப்பூசியும் போடப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து ஆகிய இரு மாநிலங்களைத் தாண்டி அது பரவவில்லை. ஆண்டு முடிவதற்குள் புதிய தொற்றுகள் நின்றுபோயின. தேதிகளையும் ரயில் தடங்களையும் ஒப்பிட்டு ஜட்சன் 1873இல் எழுதிய முடிவிலிருந்து இந்த நடவடிக்கையை வருவித்துக்கொள்ளலாம். அன்று அதை எந்த நகரமும் செய்து பார்க்கவில்லை. குதிரைகளை நிறுத்தச் சொல்வது, பாலையும் நிலக்கரியையும் தீயணைப்பு எஞ்சினையும் நிறுத்தச் சொல்வதாக அன்று இருந்தது.